நீ யார் பிள்ளை?

வேலை கேட்டு வாசலில் வந்து நிற்கிற ஒருவனிடம் முதலில் என்ன கேட்க வேண்டும்? 'உனக்கு என்ன வேலை தெரியும்?' என்று கேட்க வேண்டும். அல்லது, 'எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வர முடியும்?' என்று கேட்க வேண்டும். ஆனால் மதுரைக் கடைவீதியில் முதலில் கேட்கப்படுகிற கேள்வி இவை இரண்டும் அல்ல. "தம்பி, நீ யார் பிள்ளை?" என்பதுதான் அது. கேட்கிறவர் குரலில் கடுமை இருப்பதில்லை. சில சமயம் கனிவுகூட இருக்கும். ஆயினும் அந்த ஒரு கேள்விக்குத் தக்க விடை இல்லாத காரணத்தால் எத்தனையோ பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பிப் போகிறார்கள்.

மார்ச் மாதம் பிளஸ் டூ தேர்வு முடிகிறது. முடிவு வெளிவர மே மாதம் ஆகிறது. கல்லூரி வாசல் திறப்பதற்குள் பெரும்பாலும் ஜூன் மாதம் கழிந்துவிடுகிறது. 17, 18 வயதுப் பிள்ளைகளுக்கு இந்த மூன்று மாதமும் விசித்திரமான காலம். அவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அல்லர். கல்லூரி மாணவர்களும் அல்லர். வீட்டில் இருந்தால், 'சும்மா இருக்கிறாயே' என்ற பேச்சு. வெளியே போனால், 'ஊர் சுற்றுகிறாயே' என்ற பேச்சு. கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம், பேருந்துச் செலவு, உடுத்திக்கொண்டு போக நல்லதாக இரண்டு சட்டை என்று தேவைகள் வரிசையாக நிற்கின்றன. அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. 'நாமே நாலு காசு சம்பாதித்தால் என்ன?' என்று ஒரு நாள் தோன்றுகிறது.

இந்த எண்ணம் தோன்றுகிற நாள் ஒரு மனிதனின் வாழ்வில் சிறிய நாள் அன்று. பிறர் கையை எதிர்பார்த்தே வளர்ந்த உயிர், முதன்முதலாகத் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிற நாள் அது.

அப்படி ஒருவன் வாடிப்பட்டியிலிருந்து பேருந்து ஏறி நகருக்குள் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். கீழமாசி வீதி மண்டிகளில் மூட்டைகள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. விளக்குத்தூணைச் சுற்றியுள்ள ஜவுளிக் கடைகளில் கூட்டம் நெருக்கியடிக்கிறது. சித்திரைத் திருவிழா நெருங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம், ஊரே கடையாகிவிடும். கைகளுக்கு வேலை இருப்பது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. ஒரு கடையில் 'ஆள் தேவை' என்று அட்டைகூடத் தொங்குகிறது. தயங்கித் தயங்கி உள்ளே நுழைகிறான்.

"என்ன படித்திருக்கிறாய்?"

"பிளஸ் டூ எழுதியிருக்கிறேன்."

"காலேஜ் திறந்தால் போய்விடுவாயே?"

உண்மையைச் சொன்னால் வேலை இல்லை. பொய் சொன்னால் ஒருவேளை கிடைக்கலாம். உழைத்துப் பிழைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு வந்தவனுக்கு உலகம் முதல் வாசலிலேயே கற்றுக்கொடுக்கிற பாடம் இது. அவன் உண்மையையே சொல்கிறான்.

"இதற்கு முன்னால் எங்கேயாவது வேலை பார்த்திருக்கிறாயா?"

பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இங்கே வந்து இப்படி வியர்த்துக்கொண்டு நிற்பானா? எல்லாரும் அனுபவம் உள்ளவனையே கேட்டால், அந்த முதல் அனுபவத்தை ஒருவன் எந்தக் கடையில் போய் வாங்குவது?

"சரி, நீ யார் பிள்ளை? இங்கே உன்னைத் தெரிந்தவர் யார்?"

அப்பாவின் பெயரைச் சொல்கிறான். வாடிப்பட்டிக்கு இந்தப் புறம் அந்தப் பெயரை அறிந்தவர் இல்லை.

"சரி தம்பி, சொல்லி அனுப்புகிறேன்."

அவன் முகவரியை யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. நாலு கடை ஏறி இறங்குவதற்குள், 'சொல்லி அனுப்புகிறேன்' என்பதற்கு என்ன பொருள் என்று பையனுக்குப் புரிந்துவிடுகிறது.

சட்டம் தடுக்கிறதோ என்று சிலர் நினைக்கலாம். 14 வயது நிரம்பாத குழந்தையை வேலைக்கு வைப்பது குற்றம். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் சில தொழில்களுக்கு மட்டும் விதித்திருந்த இந்தத் தடையை 2016-இல் வந்த திருத்தம் எல்லாத் தொழில்களுக்கும் விரித்தது. குடும்பத்துக்கு ஒத்தாசையாகச் செய்வது போன்ற சில விலக்குகளே உண்டு. 14 முதல் 18 வரை உள்ளவர்களைச் சுரங்கம், வெடிமருந்து முதலிய ஆபத்தான தொழில்களில் சேர்க்கக் கூடாது என்றும் அந்தத் திருத்தம் சொல்கிறது. ஜவுளிக் கடையில் துணி மடித்து வைப்பதும், புத்தகக் கடையில் கட்டுப் பிரிப்பதும் ஆபத்தான தொழில்கள் அல்ல. ஆனால் சட்டத்தின் நுட்பத்தைப் படித்துப் பார்க்க முதலாளிக்கு நேரம் இல்லை. '18 ஆகவில்லையா? வம்பு வேண்டாம்' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார். வீடு வீடாக உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் இந்தக் காலத்து வேலைக்கும் 18 வயது ஆக வேண்டும். கிராமத்தில் நூறு நாள் வேலைக்கு வழி செய்த 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் 18 நிரம்பியவர்களைப் பற்றித்தான் பேசியது. 17 வயதுக்காரன் எந்தக் கணக்கிலும் சேராதவனாக நடுத்தெருவில் நிற்கிறான்.

ஓரளவு திறந்திருக்கும் வாசல் ஒன்று உண்டு. அது கல்யாண மண்டபத்தின் பின்வாசல். முகூர்த்த நாட்களில் பந்தி பரிமாறுவதற்குப் படிக்கிற பிள்ளைகள் பலர் போகிறார்கள். இலை போடுவது, தண்ணீர் வைப்பது, சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பது. முடிந்ததும் சாப்பாடு, கையில் கொஞ்சம் பணம். அங்கேயும் முன்பின் தெரியாதவன் நேரே போய் நின்றுவிட முடியாது. பத்துப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு போகிற ஒருவன் இருப்பான். அவனுக்குத் தெரிந்தவன் நமக்குத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது ஒரு பக்கம். இதே மதுரைச் சீமையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அங்கே வேலையைத் தேடிப் பிள்ளை போவதில்லை. பிள்ளையைத் தேடி வேலை வருகிறது.

உசிலம்பட்டி வட்டாரத்துக் கரிசல் ஊர்களில், மழை பொய்த்த வருஷங்களில், வீட்டு வாசலில் ஒரு தரகர் வந்து உட்காருவார். வடநாட்டில் முறுக்குச் சுடுகிற வேலை என்பார். முன்பணம் எண்ணி வைப்பார். அப்படிப் போன சிறுவர்களை அதிகாரிகள் வெளி மாநிலங்களிலிருந்து மீட்டுக்கொண்டு வந்த செய்திகளைப் பத்திரிகையில் நாம் படித்திருக்கிறோம். பெண் பிள்ளையானால் வேறொரு தரகர் வருவார். நூற்பாலையில் மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்பார். 'சுமங்கலித் திட்டம்' என்று அதற்கு மங்கலமான பெயரும் வைத்திருந்தார்கள். மூன்று வருஷம் முடியும் முன் உடம்பு முடியாமல் திரும்பிய பெண்களுக்கு அந்தத் தொகை கிடைக்காமலே போனதுண்டு. கொத்தடிமை முறையை ஒழித்து 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. முன்பணத்தின் மீது மனிதனுக்கு உள்ள ஆசை மட்டும் ஒழியவில்லை.

இந்த இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை தானாக வந்து, 'வேலை கொடுங்கள்' என்று கேட்கிறான். அவனுக்கு வேலை இல்லை. இன்னொரு பிள்ளை கேட்கவே இல்லை; அவனைப் பணம் கொடுத்து அழைத்துப் போகிறார்கள். வயது ஒன்றுதான். ஊருக்கும் ஊருக்கும் தூரம்கூட அதிகமில்லை. வேற்றுமை எங்கே இருக்கிறது?

முதலாமவன் விரும்பினால் விட்டுப் போகக்கூடியவன். இரண்டாமவன் போக முடியாதவன். விட்டுப் போகக்கூடியவனை நாம் நம்ப மறுக்கிறோம். போக முடியாதவனை விரும்பி வைத்துக்கொள்கிறோம். நாம் 'நம்பிக்கை' என்று மரியாதையாகச் சொல்லிக்கொள்வது உண்மையில் நம்பிக்கைதானா, அல்லது வெறும் பிடிதானா என்பதே இங்கே எழுகிற அறநெறிக் கேள்வி.

'நீ யார் பிள்ளை?' என்ற கேள்வியை உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பதும் இந்தப் பிடிதான். 'நாளைக்கு நீ கல்லாவில் கை வைத்துவிட்டால் நான் யாரைப் பிடித்துக் கேட்பது? சொல்லாமல் நின்றுவிட்டால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது?' என்பதே அதன் பொருள். பையனுக்குப் பதில் பையனின் தகப்பனார், தகப்பனாருக்குப் பதில் அவருடைய உறவு, உறவுக்குப் பின்னால் அவர்களுடைய சாதி என்று ஜாமீன் கேட்டுக்கொண்டே போகிறது அந்தக் கேள்வி. ஜாமீன் கிடைத்த பிறகு நம்புவதற்குப் பெயர் நம்பிக்கை என்றால், அடகு பிடித்துக்கொண்டு கடன் கொடுப்பவரைக்கூட வள்ளல் என்று சொல்லிவிடலாம்.

சுற்றுப்புறக் கிராமங்களில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லை. கோடைக்காலத்தில் மல்லிகைத் தோட்டங்களில் வெயில் ஏறுமுன்பே அரும்பு பறித்தாக வேண்டும். பறித்தது வாடுவதற்குள் மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போயாக வேண்டும். அங்கே பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. பறித்த எடைக்குக் கூலி. யார் பிள்ளை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்திருப்பதனாலேயே சில வேலைகள் அவனுக்குத் தாமாகக் கிடைக்கின்றன. அதே காரணத்தால் சில வேலைகள் ஒருபோதும் கிடைப்பதில்லை. இந்தப் பிடியிலிருந்து விடுபட்டு மூச்சு விடத்தானே பிள்ளைகள் நகரத்துக்குப் பேருந்து ஏறுகிறார்கள்? நகரம் என்பதற்கு என்ன அர்த்தம்? உயரமான கட்டடங்களும் அகலமான சாலைகளும் மட்டுமா? முன்பின் தெரியாத ஒருவனை அவன் கையின் வேலையைக் கொண்டு மதிக்கத் தெரிந்த இடமே நகரம். அந்தக் கணக்கில் பார்த்தால் மாசி வீதிகள் சூழ்ந்த இந்தப் பழம்பெரும் நகரம் இன்னும் பல வகையில் ஒரு பெரிய கிராமந்தான்.

கடைக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் போட்டிருப்பது சொந்த முதல். ஒரு பையன் ஒரு மாதம் பழகி, வேலை பிடிபடுகிற சமயத்தில் கல்லூரி திறந்துவிட்டதென்று போய்விட்டால், கற்றுக்கொடுத்த நேரம் அவருக்கு நஷ்டந்தான். ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை அஞ்சுவார். ஒருவனை ஆராய்ந்து பார்த்துத் தெளிவதற்கென்று வள்ளுவரே 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். ஆராயாமல் நம்பு என்று எந்த அறநூலும் சொல்லவில்லை.

ஆனால் ஆராய்வது எப்படி? ஒருவன் கையில் எதையாவது ஒப்படைத்துப் பார்த்தால்தானே அவன் எப்படிப்பட்டவன் என்று தெரியும்? ஒன்றுமே ஒப்படைக்காமல் குலத்தையும் கோத்திரத்தையும் விசாரித்து அறிவது ஆராய்ச்சி ஆகாது, அது சோம்பல். ஒரு நாள் வேலை, ஒரு வார வேலை, ஒரு திருவிழாக் கால வேலை ஆகிய சிறு வேலைகளின் பெருமையே இங்கேதான் இருக்கிறது. கல்லாப்பெட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டாம். ஒரு கட்டுப் பாத்திரத்தை ஒப்படைக்கலாம். அது உடைந்தால் கடை மூழ்கிவிடாது. அது பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் ஒரு மனிதன் கிடைப்பான். இங்கிலாந்தில் 13 வயது நிரம்பிய பிள்ளைகள் காலையில் வீடு வீடாகப் பத்திரிகை போடுவது நெடுநாள் வழக்கம். நாம் அதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. வேலையைப் பிள்ளையின் அளவுக்குத் தைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்தால் போதும். நாம் பிள்ளையை வேலையின் அளவுக்கு இழுக்கிறோம். நீளவில்லை என்றால் வேண்டாம் என்கிறோம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. 'பிள்ளைகள் வேலை பழக வேண்டும்' என்று தமிழ்நாட்டில் யார் சொன்னாலும் கேட்கிறவர்களுக்கு ஒரு பழைய காயம் வலிக்கும். 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது ஆரம்பப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். 'குலக்கல்வித் திட்டம்' என்று அதைக் கண்டித்து நாடே கொந்தளித்தது. 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. சிறு வயதில் படிப்பை விட்டுவிட்டு, விருதுநகரில் தம் மாமாவின் ஜவுளிக் கடையில் நின்றவர் காமராஜர். 'நானும் கடையில் நின்றுதானே முன்னுக்கு வந்தேன். நீங்களும் நில்லுங்கள்' என்று அவர் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. ஊர்தோறும் பள்ளிக்கூடம் திறந்தார். பள்ளியிலேயே பகல் உணவு போட்டார்.

அவரிடமிருந்து நாம் கற்க வேண்டியது வேலையின் மீது வெறுப்பை அன்று. தகப்பன் தொழிலுக்குள் பிள்ளையைப் பூட்டிவைப்பது வேறு. தானே தேர்ந்து கொண்ட ஒரு சிறு வேலையில் பிள்ளை தன் கையை அறிந்துகொள்வது வேறு. முன்னது, 'நீ யார் பிள்ளை?' என்ற கேள்விக்கு விடையாக வருகிற வேலை. பின்னது அந்தக் கேள்வியைத் தாண்டி வருகிற வேலை. படிப்பைத் தின்றுவிடுகிற வேலை பாவம். படிப்புக்கு நடுவே மூச்சு வாங்குகிற காலத்தில், ஆபத்தில்லாமல், அளவோடு, கூலி பேசிச் செய்கிற வேலை பாவம் ஆகாது.

கூலி பேசி என்பதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். முதல் வேலை கேட்டு வருகிற பிள்ளையிடம், "முதலில் வேலையைப் பார், அப்புறம் பார்த்துக் கொடுக்கிறேன்" என்று சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. 'தொழில் கற்றுக்கொள்கிறாய் அல்லவா?' என்பது அதற்கு ஒரு சமாதானம். கற்றுக்கொள்வதற்கும் கூலிக்கும் சம்பந்தமில்லை. மாலையில் பேசிய பணம் பேசியபடி கைக்கு வருவதுதான் அவன் கற்கிற பாடங்களில் முதன்மையானது. அதைக் கொண்டுதான் உலகம் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் என்று அவன் நம்பத் தொடங்குகிறான். அவனை நாம் நம்ப முடியுமா என்று இவ்வளவு நேரம் பேசினோம். நம்மை அவன் நம்ப முடியுமா என்பதும் ஒரு கேள்வி அல்லவா?

கடைக்காரர்களைப் பற்றி மட்டும் பேசிவிட்டு முடித்தால் அது நியாயமாகாது. இதைப் படிக்கிற நடுத்தரக் குடும்பத்தார் நாமும் இதில் உடந்தைதான். நம் பிள்ளை ஒரு நாள், "நானும் பந்தி பரிமாறப் போகட்டுமா?" என்று கேட்டால் வீட்டில் என்ன நடக்கும்? "நமக்கு என்ன தலையெழுத்து? நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" என்று அம்மா கண் கலங்குவாள். "நான் இருக்கும்போது நீ ஏன்டா எச்சில் இலை எடுக்கப் போக வேண்டும்?" என்று அப்பா குரலை உயர்த்துவார். அந்த அப்பாதான் ஐந்து வருஷம் கழித்து, "வேலை தேடத் துப்பில்லை" என்று அவனை ஏசப் போகிறார். மிதக்கக்கூட விடாமல் கரையிலேயே வைத்திருந்து, பிறகு வெள்ளத்தில் தள்ளிவிட்டு, நீந்தவில்லையே என்று கோபித்துக்கொள்வது போலத்தான் இது.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கலானது. அவளிடம் கடையும் கேள்வி கேட்கிறது, வீடும் கேட்கிறது. 'யார் பெண்?' என்று கடை கேட்கும், 'யாராவது பார்த்துவிட்டால்?' என்று வீடு கேட்கும். ஆகவே அவளுக்குக் கிடைக்கிற வேலைகள் சுவருக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லித் தருவாள், பூக் கட்டுவாள், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவாள். அந்த விரல்களின் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் அது வேலையாகவே எண்ணப்படுவதில்லை. 'வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்' என்று சொல்லிவிடுகிறார்கள்.

நாம் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, குனிந்து சாம்பார் ஊற்றுகிற பையனை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கலாம். அவன் நாளைக்கு இயற்பியல் படிக்கப் போகிறவனாக இருக்கலாம். அவனை, "ஏய்!" என்று கூப்பிடாமல், "தம்பி" என்று கூப்பிடலாம். நம் வீட்டிலோ கடையிலோ அலுவலகத்திலோ இரண்டு நாள் வேலை இருந்தால், தெரிந்தவர் மகனுக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்னால், தானாக வந்து கேட்டவனை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

வேலை முடிந்து அவன் போகிறபோது இன்னொன்றும் செய்யலாம். 'இவர் என்னிடம் இரண்டு மாதம் வேலை பார்த்தார். நேரம் தவறியதில்லை. கை சுத்தமானவர்' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். கொடுக்கிறவருக்கு அது மூன்று வரி. வாங்கிக்கொள்கிறவனுக்கு அது தானே சம்பாதித்த முதல் சொத்து. அடுத்த கடை வாசலில், 'நீ யார் பிள்ளை?' என்று கேட்கிறபோது, அவன் தகப்பன் பெயருக்குப் பதிலாக அந்தத் தாளை நீட்டுவான்.

அவன் யார் பிள்ளை என்பது அவன் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்ட விஷயம். அதற்கு அவன் பொறுப்பாளி அல்லன். இனி அவன் யாராக ஆகப் போகிறான் என்பதில்தான் அவனுக்குப் பங்கு உண்டு. அவனுக்கு முதல் வேலையைக் கொடுக்கிறவருக்கும் அதில் சிறிது பங்கு உண்டு.